எங்கள் ஊர்க் குழந்தைகள் கிளினிக்கில் மூன்று ஆண்டுகள்

வன்னியில் ஒரு குளத்தின் கீழ் அமைந்த குடியேற்றக் கிராமம் எங்களுடையது. மாதத்தில் ஒரு நாள், காலை எட்டரை மணிக்கு, ஊரின் பொதுநோக்கு மண்டபத்தில் குழந்தைகள் கிளினிக் நடைபெறும். 2022 பெப்ரவரியில் பிறந்த என் இரண்டாவது மகளை முதலில் தூக்கிக்கொண்டும் பிறகு கைபிடித்து நடத்திக்கொண்டும் மூன்று ஆண்டுகள் அங்கே சென்று வந்ததில் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன். குறைகளையும் சொல்லவிருப்பதால் ஊரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். புதிதாகத் தாயானவர்கள், அதிலும் ஊசி போடுவதா, பிள்ளையின் உடம்பு தானாகவே எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதா என்று தடுமாறி நிற்பவர்கள் இதை வாசிக்க வேண்டுமென விரும்புகிறேன்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் கிளினிக் கொப்பியைக் கொடுத்து வரிசையில் அமர வேண்டும். வளையில் கட்டிய தொங்கல் தராசில் பிள்ளையின் நிறையை எடுத்து, கொப்பியின் வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைத்து, சென்ற மாதப் புள்ளியுடன் கோடிழுத்துக் காட்டுவார்கள். கோடு சரிந்திருந்தால் என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்ற கேள்வி வரும்; நிறை குறைந்த பிள்ளைகளுக்குத் திரிபோஷா என்ற சத்துமா எழுதிக் கொடுப்பார்கள். அதன் பிறகே வைத்தியர் பார்த்து, ஊசி போடலாமா என்று சொல்வார். இவை எதற்கும் ஒரு சதம்கூடச் செலவில்லை.

எனக்கு இந்தச் சேவையில் மிகுந்த நம்பிக்கையைத் தந்தது மேசை மீதிருந்த சிறிய குளிர்ப்பெட்டி. தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் வைத்திருக்க வேண்டும். வெயில் முப்பத்தைந்து பாகையைத் தொடும் எங்கள் நிலத்தில், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் குளிரூட்டியிலிருந்து கிராமத்து மண்டபம் வரை அந்தக் குளிரைக் கொண்டுவருவது சாதாரண வேலையல்ல. வெப்பம் கூடினால் மருந்தின் வீரியம் போய்விடும். ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி போன்ற சில மருந்துகள் உறைந்துபோனாலும் பழுதாகிவிடும். ஆகவே பனிக்கட்டிப் பொதிகளையும் பார்த்துத்தான் அடுக்க வேண்டும். போலியோச் சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் இருக்கின்றன. சதுரம் வட்டத்தை விட வெளிறியிருக்கும் வரைதான் அந்த மருந்தைப் பயன்படுத்தலாம். வெப்பம் பட்டுப் பட்டு அது வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் குப்பியை எறிந்துவிட வேண்டும். நான் கேட்டபோது, எங்கள் பகுதி மருத்துவமாது வரிசையை ஒரு நிமிடம் நிறுத்தி, குப்பியை வெளிச்சத்தில் பிடித்து எனக்கு அதைக் காட்டினார். கேட்கும் தாய்க்குக் காட்டத் தயங்காத அந்தப் பண்பை எத்தனையோ பெரிய இடங்களில் நான் கண்டதில்லை.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. என் மகளின் நான்காம் மாத ஊசி அந்த ஜூன் மாதத்தில் வந்தது. கிளினிக் நடக்காது என்றே எண்ணியிருந்தேன். ஆனால் மருத்துவமாது மிதிவண்டியில் வந்து சேர்ந்தார். மருந்துப் பெட்டி வேறு ஒரு வாகனத்தில் பிந்தி வந்தது. பதினொரு மணிக்குத் தொடங்கிய கிளினிக் பிற்பகல் இரண்டு மணி வரை நடந்தது. வந்திருந்த பிள்ளைகளில் ஒன்றுகூட ஊசி போடாமல் திரும்பவில்லை.

இனி, ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல். இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் போடும் ஐந்து நோய்களுக்கான ஊசி தொண்டைக்கரப்பன் (டிப்தீரியா), குக்கல் (கக்குவான் இருமல்), ஏற்புவலி (டெட்டனஸ்), ஈரல் அழற்சி பி, மூளைக்காய்ச்சலையும் நியூமோனியாவையும் உண்டாக்கும் ஹிப் கிருமி ஆகியவற்றுக்கு எதிரானது. அதிலுள்ள குக்கல் மருந்து, கொல்லப்பட்ட முழுக் கிருமியிலிருந்து செய்யப்படுவதால், அன்றிரவு காய்ச்சலும் தொடையில் வீக்கமும் வருவது வழக்கம். முதல் ஊசியின் இரவில் பிள்ளை அழுத அழுகையைக் கேட்டு மாமி, "சுகமாக இருந்த பிள்ளையை ஏன் பிள்ளை வருத்தக்காரி ஆக்கினாய்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கும் தெரியவில்லை. அடுத்த மாதம் மருத்துவமாதுவிடம் கேட்டபோது, உடம்பு கிருமியின் சாயலைக் கண்டு சண்டைக்கு ஆயத்தமாவதால்தான் சூடு வருகிறது என்றும், அது ஓரிரு நாட்களில் இறங்கிவிடும் என்றும், நிறைக்கேற்ற அளவு பரசிட்டமோல் பாணியும் தாய்ப்பாலும் போதும் என்றும், வலிப்போ விடாத அழுகையோ வந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் விளக்கினார். ஒன்பதாம் மாதத்தில் போடும் சின்னமுத்து (தட்டம்மை), கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசியின் காய்ச்சல் அன்றிரவு வராது. ஒரு கிழமை, பத்து நாட்கள் கழித்தே, சில வேளைகளில் மெல்லிய தடிப்புடன் வரும். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் எத்தனை தாய்மாரின் பயம் தணியும்! எனக்கு இது முதல் மாதத்திலேயே சொல்லப்படவில்லை. இது நான் காணும் முதல் குறை.

வரிசையில் ஒருமுறை என் அருகில் அமர்ந்திருந்த இளம் தாய் ஒருவர், தன் பிள்ளைக்குச் சின்னமுத்து ஊசி வேண்டாம் என்று சொல்லவே வந்திருந்தார். நோய் வந்து மாறினால் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தியே இயற்கையானது, உறுதியானது என்று கைத்தொலைபேசியில் வந்த காணொளி ஒன்றில் அவர் கேட்டிருந்தார். அந்தப் பேச்சில் ஒரு துளி உண்மை இருப்பதால்தான் அது ஆளை மயக்குகிறது: சின்னமுத்து வந்து பிழைத்த பிள்ளைக்கு அது பெரும்பாலும் மறுபடி வருவதில்லை. ஆனால் அந்தப் பிழைத்தலுக்குப் பிள்ளை கொடுக்கும் விலையை அந்தக் காணொளி சொல்வதில்லை. நியூமோனியா, காதில் சீழ், மூளை அழற்சி ஆகியவை அந்த விலையில் அடங்கும். 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், சின்னமுத்து வந்த பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, வேறு நோய்களுக்கு எதிராக அவர்கள் முன்பே சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருட்களில் 11 முதல் 73 வீதம் வரை அழிந்துபோயிருந்தன. அதாவது அந்த நோய், பிள்ளை பிறந்ததிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த இயற்கையான எதிர்ப்புச் சக்தியையே கொள்ளையடித்துச் செல்கிறது. ஊசி அவ்வாறு செய்வதில்லை.

எல்லா நோய்களும் வந்து போனபின் பாதுகாப்பை விட்டுச் செல்வதும் இல்லை. ஏற்புவலியிலிருந்து பிழைத்தவருக்கு அதற்கெதிரான எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை. அந்தக் கிருமியின் நஞ்சு, கொல்லும் அளவில் இருக்கும்போதும் உடம்பு அடையாளம் கண்டு நினைவில் வைக்கப் போதாத அளவுக்குச் சிறியது. வெறுங்காலுடன் வயலில் இறங்கி, துருப்பிடித்த முட்கம்பி வேலிகளுக்கிடையே வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஒரு செய்தியே போதுமானது. மலேரியாவையும் எண்ணிப் பாருங்கள். வன்னியில் வளர்ந்த என் வயதுக்காரரில் அந்தக் காய்ச்சலில் நடுங்காதவர் குறைவு. எனக்கே மூன்று முறை வந்தது. முதல் முறை வந்தது இரண்டாம் முறையைத் தடுக்கவில்லை. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்ததற்கு, வீடு வீடாக மருந்து தெளித்ததும், நுளம்பு வலை கொடுத்ததும், காய்ச்சல்காரரின் இரத்தத்தை விடாது சோதித்ததுமே காரணம். நாங்கள் நடுங்கி நடுங்கி அதற்குப் பழகிவிட்டதல்ல.

மருத்துவமாது அந்தத் தாயை அதட்டவில்லை. "தங்கச்சி, நீ வயிற்றில் வைத்துக் கொடுத்த காப்பு ஒன்பது மாதத்தோடு தேய்ந்துவிடும். அது தேய்கிற நேரத்தில்தான் இந்த ஊசி" என்றார். அதைவிடச் சுருக்கமாக எவராலும் விளக்க முடியாது. பிறக்கும்போது தாயிடமிருந்து வரும் எதிர்ப்புப் பொருள் மெல்ல மெல்லக் குறைகிறது. அது மிகுதியாக இருக்கையில் ஊசி போட்டால் மருந்து சரியாகப் பிடிக்காது. முற்றாகத் தேயும் வரை காத்திருந்தால் நோய் முந்திவிடும். இலங்கையில் முன்பு ஒரு வயதில் போட்ட இந்த ஊசியை, கைக்குழந்தைகளிடையே சின்னமுத்து பரவியதைக் கண்டபின், 2015இல் ஒன்பதாம் மாதத்துக்கு முன்னே கொண்டுவந்தார்கள். 2019 ஜூலையில் சின்னமுத்து ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட நாட்டில், 2023இல் அது மறுபடி தலைதூக்கியது. பாதுகாப்பற்றவர்களிடையே ஒரு நோயாளி பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குத் தொற்ற வைக்கக்கூடிய நோய் அது. என் மகள் 2022 நவம்பரிலேயே ஊசி போட்டிருந்தாள். அந்த மாதங்களில் செய்தி கேட்கும்போதெல்லாம் கொப்பியின் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து ஆறுதல் அடைந்தேன்.

மாமியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் ஊரில் ஊசியைத் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் மாமிமாரும் அம்மம்மாமாருமே. அவருக்குக் கொப்புளிப்பானும் சின்னமுத்தும் "அம்மாள் வருத்தம்". வாசலில் வேப்பிலை செருகி, வீட்டைத் துப்புரவாக்கி, வெளியாரை உள்ளே விடாமல், பிள்ளையைத் தனியே படுக்க வைத்து, வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு நேர்த்தி வைப்பார். வைகாசிப் பொங்கலில், உப்புநீரில் விளக்கெரியும் அந்தச் சந்நிதியில், அதை நிறைவேற்றுவார். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. வெளியாரை உள்ளே விடாத அந்த ஒழுக்கம் தொற்றைத் தடுக்க வைத்தியர் சொல்வதற்கு ஒத்ததே. ஊசி போட்ட பிள்ளைக்கும் நேர்த்தி வைக்கலாம் என்று ஒருநாள் அவரே சொல்லி, மூன்றாம் வயது ஊசிக்கு எங்களுடன் வந்து வரிசையில் அமர்ந்தார்.

அவருடைய தலைமுறைக்கு மறதி இருந்தாலும் என் தலைமுறைக்கு இருக்கக் கூடாது. 1995இல் எனக்கு நான்கு வயது. போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் தேசிய நாட்கள் அந்த ஆண்டில் தொடங்கின. அந்த நாட்களுக்காகச் சண்டை நடக்கும் பகுதிகளிலும் துப்பாக்கிகள் ஓய்ந்திருக்க இரு தரப்பும் இணங்கின. இலங்கையில் போலியோவின் கடைசி நோயாளி 1993இல் பதிவானார். 2009இல் போரால் இடம்பெயர்ந்தோரைத் தங்கவைத்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் கூடாரத்துக்குக் கூடாரம் கொப்புளிப்பானும் செங்கமாரியும் பரவியபோது நான் அங்கே இருந்தேன். என் நெற்றியிலுள்ள தழும்புகள் அப்போது வந்தவை. கொப்புளிப்பானுக்கான ஊசி இன்றும் தேசிய அட்டவணையில் இல்லை, பணம் கொடுத்தே போட வேண்டும். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

நகரக் கடை ஒன்றில் "இயற்கை எதிர்ப்புச் சக்தி" என்று எழுதிய பாணிப் போத்தல் ஒன்றையும் ஒருமுறை வாங்கினேன். சேர்பொருட்களில் முதலாவதாகச் சீனி இருந்தது. மூலிகைகளின் அளவு எங்கும் எழுதப்படவில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் முட்டை, குளத்து மீன், முருங்கைக் கீரை, பருப்பு, கிளினிக்கில் தரும் உயிர்ச்சத்து ஏ, இவற்றின் முன்னே அந்தப் போத்தலுக்கு வேலையே இல்லை. வாங்காதீர்கள்.

குறைகளுக்கு வருகிறேன். மண்டபத்துக்கு வெளியே நிழல் இல்லை. குடிநீர்க் குழாய் பல மாதங்கள் வேலை செய்யவில்லை. பேருந்து ஊருக்கு வரும் நேரமும் கிளினிக் நேரமும் ஒத்துப்போவதில்லை. ஊசிக்குப் பின் இருபது நிமிடம் அங்கேயே இருக்க வேண்டும் என்பது விதி, ஏனெனில் அரிதாக வரும் கடும் ஒவ்வாமை அந்த நேரத்திலேயே தலைகாட்டும். ஆனால் கூட்டம் மிகுந்த நாட்களில் தாய்மார் நழுவிச் செல்வதை எவரும் தடுப்பதில்லை. எல்லாவற்றிலும் பெரிய குறை, ஊசி தவறவிட்டு மூன்று மாதம் பிந்தி வந்த ஒரு தாயை, பணியாளர் ஒருவர் எல்லோர் முன்னிலும் ஏசியதுதான். அந்தப் பெண் அதன் பிறகு நெடுநாள் கிளினிக் பக்கம் வரவில்லை. பிந்திய ஊசிக்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்ற ஒரு வார்த்தையை அவருக்குச் சொல்லியிருந்தால் போதும். பிந்தியவர்கள் வெட்கத்தால் வராமலிருந்தால் அதன் சுமை பிள்ளையின் மீதே விழுகிறது. பிந்தி வருபவர்களே, யார் என்ன சொன்னாலும் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: கொப்பியை மறக்க வேண்டாம், ஒரு போத்தல் தண்ணீரும் குடையும் கொண்டு செல்லுங்கள், தொடையை எளிதாகத் திறக்கக்கூடிய உடுப்பைப் பிள்ளைக்குப் போடுங்கள், சிறிய தடிமனுக்காக ஊசியைத் தள்ளிவைக்காமல் அந்த முடிவை வைத்தியரிடம் விடுங்கள்.

2025 பெப்ரவரியில் மூன்றாம் வயது ஊசி முடிந்தது. மகள் அழாமல் கையை நீட்டினாள். பிறகு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அடுத்தது 2027 பெப்ரவரியில், ஐந்து வயதில், தொண்டைக்கரப்பனுக்கும் ஏற்புவலிக்குமான ஊசியும் போலியோச் சொட்டும். அதற்குரிய கட்டத்தில் மருத்துவமாது பென்சிலால் திகதியை எழுதி, கொப்பியை மாமியின் கையில் கொடுத்தார்.