மருந்தேற்றிய பலகையா, பொங்கும் பூச்சா? உட்புற மரப் பேனல்களின் தீப் பாதுகாப்பு வகுப்பு குறித்து ஓர் ஒப்பீடு

அரங்கு ஒன்றின் உட்சுவர்களுக்கும் உட்கூரைக்கும் மரப் பேனல் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்தது. மரம் வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தீப் பாதுகாப்பில் உயர் வகுப்புச் சான்று வேண்டும் என்பதிலும் இல்லை. அந்தச் சான்றை எந்த வழியில் அடைவது என்பதில்தான் கருத்துகள் பிரிந்தன. தீத்தடுப்பு மருந்தை அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றிய பலகை ஒரு வழி; சாதாரணப் பலகையைப் பொருத்திவிட்டு, சூடுபட்டால் பொங்கி நுரைக்கும் நிறமற்ற பூச்சை அடிப்பது மற்றொரு வழி; எரியாத தாதுப் பலகையின் மேல் வெனீர் எனும் மெல்லிய மரத்தாளை ஒட்டிய பேனல் மூன்றாவது. நாங்கள் முதலாவதைத் தேர்ந்தெடுத்தோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன் என்பதால், கீழே அதன் பக்கம் தராசு சற்றுச் சாய்ந்திருக்கும்.

வகுப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வட அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். இ-84 சோதனையில், ஏறத்தாழ 7.3 மீட்டர் நீளமுள்ள மாதிரியைச் சுரங்கம் போன்ற உலையின் மேற்புறத்தில் பொருத்தி, ஒரு முனையில் எரிவாயுச் சுடரை வைத்து, 10 நிமிடங்களில் தீ எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். சிமென்ட் நார்ப் பலகைக்கு 0, சிவப்பு ஓக் மரத்துக்கு ஏறத்தாழ 100 என்று வைத்த அளவுகோலில் 25 வரை ஏ வகுப்பு, 26 முதல் 75 வரை பி, 76 முதல் 200 வரை சி; மூன்றுக்குமே புகைக் குறியீடு 450-ஐத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவின் இ.என். 13501-1 தரம் ஏ1-இல் தொடங்கி எஃப்-இல் முடிகிறது. புகைக்கும், எரிந்து சொட்டும் துளிகளுக்கும் தனித்தனிக் குறியீடு தருகிறது. எதுவும் செய்யாத மரப்பலகை அங்கே பெரும்பாலும் டி வகுப்பில் நிற்கும்; தீத்தடுப்பு முறையாகச் செய்யப்பட்டால் பி வகுப்பை எட்டும். ஒரு முறையின் வகுப்பை மற்றொன்றின் வகுப்பாக மாற்றிக் கணக்கிட வழியில்லை. வட அமெரிக்காவில் நீண்ட சுரங்க உலை, ஐரோப்பாவில் அறை மூலையைப் போல நிறுத்திய பலகைகளின் அடியில் 30 கிலோவாட் சுடர். இவை எல்லாம் தீயின் முன் மேற்பரப்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்பவை. ஒரு சுவர் 30 அல்லது 60 நிமிடம் தீயைத் தாங்கி நிற்கும் என்பதற்கான சான்று முற்றிலும் வேறு. விற்பனைத் தாள்களில் இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருந்தால் நிதானித்துப் படிக்க வேண்டும்.

தாளில் பார்த்தால் முதல் இரண்டு வழிகளும் ஏறக்குறைய சமம். மருந்தேற்றிய பலகையில் பாஸ்பரஸ், போரான் சேர்மங்கள் மர நார்களுக்குள் சென்று தங்குகின்றன; சூடேறும்போது மரம் எரியக்கூடிய ஆவிகளை அதிகம் வெளிவிடாமல், குறைந்த வெப்பநிலையிலேயே கரியாகவும் நீராவியாகவும் மாறும்படி அவை செய்கின்றன. பூச்சில் அம்மோனியம் பாலிபாஸ்பேட், மெலமைன் போன்றவை சேர்ந்து, சூட்டில் பொங்கி, மரத்துக்கும் சுடருக்கும் நடுவே கரிநுரைப் போர்வையாக நிற்கின்றன. இரண்டாலும் இ-84 முறையின் ஏ வகுப்பைப் பெற முடியும். விலை குறைவு என்பதில் பூச்சு முன்னிற்கிறது. மரத்தின் இயல்பான நிறத்தைக் காப்பதிலும் பெரும்பாலும் அதுவே முன்னிற்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. சான்றிதழில் உள்ள வகுப்பு, சோதனைக்கூடத்துக்குப் போன அந்த மாதிரிக்கு, அது போன அன்றைக்கு உரியது. பத்து ஆண்டுகள் கழித்தும் சுவர் அதே வகுப்பில் இருக்குமா என்ற கேள்விக்கு மருந்தேற்றிய பலகை தரும் விடையும் பூச்சு தரும் விடையும் ஒன்றல்ல. பொங்கும் பூச்சின் வலிமை முழுவதும் அதன் கனத்தில் இருக்கிறது. சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவு ஏறியிருந்தால்தான் சோதனையில் கிடைத்த வகுப்பு சுவரிலும் இருக்கும். அதற்காகவே ஈரமான பூச்சில் சீப்பு போன்ற சிறிய உலோகத் தகட்டை அழுத்திக் கனத்தை அளக்கிறார்கள். பரந்த தட்டையான பலகையில் இது எளிது. சட்டங்களை இடைவெளிவிட்டு அடுக்கும் பேனலில், ஒவ்வொரு சட்டத்தின் கூர்மையான ஓரத்திலிருந்தும் பூச்சு தானாகவே விலகி மெலிந்துவிடுகிறது. நாற்காலி முதுகும் தோள்பையும் கையும் அன்றாடம் உரசுவதும் அதே ஓரத்தில்தான். பூச்சு எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கேயே தேய்மானமும் அதிகம் என்பது அதன் பெரிய பலவீனம்.

தேய்ந்ததைச் சரிசெய்ய வருபவர் என்ன செய்வார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கறை படிந்த சுவரைப் புதுப்பிக்க அழைக்கப்பட்ட பாலிஷ்காரர் வழக்கப்படி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கையில் இருக்கும் வார்னிஷை இரண்டு கை ஓட்டிவிட்டுப் போவார். அவர் மீது குற்றமில்லை. பார்வைக்கு அது வெறும் வார்னிஷ் அடித்த மரம்தான், நிறமற்ற பூச்சு தன்னை அடையாளம் காட்டிக்கொள்வதில்லை. ஆனால் தேய்த்ததில் பாதுகாப்பின் ஒரு பகுதி தூளாகப் போய்விடுகிறது. மேலே ஏறிய சாதாரண வார்னிஷ், எரிபொருளைக் கூட்டுவதோடு, அடியில் இருப்பது தடையின்றிப் பொங்கவும் விடாது. இதைத் தடுக்க வேண்டுமானால் பூச்சின் பெயர், அளவு, அடித்த தேதி, அதன் மேல் அனுமதிக்கப்பட்ட மேற்பூச்சு எது என்ற விவரங்கள் கட்டடத்தின் ஆவணங்களில் இருக்க வேண்டும். பொறுப்பாளர்கள் மாறினாலும் அந்த ஆவணம் கைமாறிக்கொண்டே வர வேண்டும். நடைமுறையில் எத்தனை கட்டடங்களில் இது நடக்கும்?

மருந்தேற்றிய பலகையில் மருந்து ஆழத்தில் இருப்பதால், லேசான கீறலும் மேலோட்டமான தேய்ப்பும் வகுப்பைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு ‘தீத்தடுப்பு ஏற்றிய மரம்’ என்ற தகுதியை வழங்கும் முறையும் இந்த வேறுபாட்டை மதிக்கிறது. அந்தத் தகுதிக்கு 10 நிமிடச் சோதனை போதாது. அதே சுரங்கச் சோதனையை 30 நிமிடம் வரை நீட்டி, தீப்பரவல் குறியீடு 25-க்குள் இருப்பதோடு, தீயின் முனை சுடரின் மையத்திலிருந்து 3.2 மீட்டருக்கு மேல் ஓடாமலும் இருக்க வேண்டும். பெயிண்டோ வேறு மேற்பூச்சோ இந்தத் தகுதியைப் பெற்றுத் தராது என்றும் அந்த விதி வெளிப்படையாகச் சொல்கிறது. அரங்கின் உட்பூச்சுக்கு ஏ வகுப்பே போதும் என்ற இடத்தில் இத்தகுதி கட்டாயமில்லை என்றாலும், கூடுதலாகக் கிடைக்கும் அந்த நேரத்தை நான் சிறிதாக எண்ணவில்லை.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். எல்லா மரமும் மருந்தை ஒரேபோல் குடிப்பதில்லை. ஸ்ப்ரூஸ், வெள்ளை ஓக்கின் வைரப்பகுதி போன்றவற்றில் மருந்து எளிதில் இறங்காது என்பதால் மரத் தேர்வு சுருங்கிவிடுகிறது. நிறம் சற்று மங்கும் அல்லது கருக்கும். மருந்து ஏற்றிய பிறகு உலர்த்தும் சூளையில் மீண்டும் காயவைக்காத பலகை, பொருத்திய பின் சுருங்கி இணைப்புகளில் வாய் பிளக்கும். பழைய உப்பு வகைகள் காற்றின் ஈரத்தை இழுத்து, வெள்ளையாகப் பூத்து, ஆணிகளையும் துருப்பிடிக்க வைக்கும். இதற்காகவே ஐரோப்பாவின் இ.என். 16755 தரம் உலர்ந்த உட்புறம், ஈரமான உட்புறம், வெளிப்புறம் என்று நீடிப்பைத் தனியாக வகைப்படுத்துகிறது. நீச்சல்குளக் கூடம், சமையற்கூடம் போன்ற இடங்களுக்கு இரண்டாம் வகைச் சான்றைக் கேட்காமல் வாங்கக் கூடாது. மேலே அடிக்கும் பாலிஷும் சோதனையில் இடம்பெற்றதாகவே இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் மருந்தேற்றிய பலகைக்கும் விலக்கு இல்லை. வாங்கிய பிறகு இழைப்பு இயந்திரத்தில் கொடுத்துக் கனம் குறைப்பதும் கூடாது, மருந்து செறிந்திருக்கும் வெளிப்பகுதிதான் முதலில் போகும்.

எரியாத அடித்தளத்தில் வெனீர் ஒட்டிய பேனலோடு எனக்கு நெருங்கிய பழக்கம் குறைவு. மாதிரிகளைக் கையாண்டிருக்கிறேன், நெடுங்காலப் பயன்பாட்டில் பார்த்ததில்லை. எரியக்கூடிய மரம் மிக மெல்லிய அடுக்காக மட்டுமே இருப்பதால் வகுப்பில் அது எளிதாகவே உயர்கிறது. தீப்பிடித்த அறையில் சூடான புகை முதலில் தேங்குவது உட்கூரையின் அடியில் என்பதையும், அந்தப் புகை அடுக்கு 500 முதல் 600 பாகை செல்சியஸை நெருங்கும்போதுதான் அறை முழுவதும் ஒருசேரப் பற்றிக்கொள்கிறது என்பதையும் பார்க்கும்போது, கை எட்டாத உட்கூரைக்கு இவ்வகையைப் பரிந்துரைப்பவர்களோடு நான் வாதிட மாட்டேன். கைபடும் சுவருக்கு என்றால் தயக்கம் உண்டு: வெனீர் பெயர்ந்த மூலையைத் தேய்த்துச் சரிசெய்ய அங்கே மரம் இல்லை.

எந்த வழியில் போனாலும், சான்றிதழில் முதலில் தேட வேண்டியது பொருத்தும் முறை. தட்டைப் பலகைக்குக் கிடைத்த வகுப்பு, அதே மரத்தைச் சட்டங்களாக அறுத்து இடைவெளிவிட்டு அடிக்கும்போது பொருந்தாது. காற்றும் சுடரும் படும் பரப்பு பெருகிவிடுகிறது. ஒலி அடக்குவதற்காகப் பின்னால் ஒட்டும் பாலியெஸ்டர் கம்பளம் சூட்டில் உருகிச் சொட்டக்கூடியது. அதுவும் சேர்த்துச் சோதிக்கப்பட்டதா என்று கேட்டால் பல விற்பனையாளர்களிடம் நேரான பதில் வருவதில்லை. சுவருக்கும் பேனலுக்கும் நடுவே ரீப்பர் அடித்து விடும் வெற்றிடம் தீ ஏறும் புகைபோக்கியாகிவிடும் என்பதால், மேற்சொன்ன விதித்தொகுப்பு அந்த ஆழத்தை ஏறத்தாழ 44 மில்லிமீட்டருக்குள் வைத்து, உள்ளே எரியாத பொருளோ ஏ வகுப்புப் பொருளோ நிரப்பவோ, குறிப்பிட்ட இடைவெளியில் தடுப்பு வைக்கவோ சொல்கிறது.

பூச்சே சரியான விடையாகும் இடமும் உண்டு. ஏற்கனவே சுவரில் இருக்கும் நல்ல பழைய மரப் பேனலைக் கழற்றி மருந்தேற்ற அனுப்புவது பெரும்பாலும் நடக்காத காரியம். அங்கே பொங்கும் பூச்சைத் தவிர வேறு வழி அரிது, அதை நானும் தயங்காமல் எடுப்பேன். ஆனால் பழைய வார்னிஷின் மேலேயே அடித்தால், சோதனையில் இருந்த அடுக்கு வேறு, சுவரில் இருக்கும் அடுக்கு வேறு என்றாகிவிடும். ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போதே, மரம் தெரியும்வரை பழையதைச் சுரண்டி எடுக்கும் கூலியையும் அதில் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்தக் கூலியைச் சேர்த்த பிறகு பூச்சின் விலைச் சாதகம் கணிசமாகக் குறைந்துவிடும்.