மின்சாரக் காரில் 11 மாதம்: தக்கலையிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்டின் கணக்கு

என் வேலை வீடு வீடாகப் போவது. பக்கவாதம் வந்து படுத்தவர்களையும் இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர்களையும் எழுந்து நடக்க வைக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். வீடு கன்னியாகுமரி மாவட்டத் தக்கலையில். காலையில் திருவட்டார், குலசேகரம் பக்கம்; மாலையில் மண்டைக்காடு, குளச்சல், கடியப்பட்டணம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிடும்.

2021-இல் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியபோது வேறு வழியின்றி என் கட்டணத்தை உயர்த்தினேன். அடுத்த வாரமே ஒரு வீட்டில், "வாரம் மூன்று நாள் வேண்டாம் மக்களே, இரண்டு நாள் வந்தால் போதும்" என்றார்கள். அந்த அம்மாவின் வலது கை அப்போதுதான் தம்ளரைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. எரிபொருள் விலை ஒரு மனுஷியின் கை விரல்வரை வந்து தொடும் என்பதை அன்றைக்குப் பார்த்தேன். மின்சாரக் கார் பற்றி விசாரிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 2024 நவம்பரில் வாங்கினேன். ஐந்து பேர் அமரும் சிறிய கார், 24 கிலோவாட் மணி, அதாவது 24 யூனிட் பிடிக்கும் பேட்டரி. இன்றைக்கு 11,000 கிலோமீட்டர் கடந்திருக்கிறது.

முதலில் பணக் கணக்கு. என் பழைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தது. இரண்டு மாதத்துக்கு 125 லிட்டர், சுமார் 12,700 ரூபாய். இப்போது அதே தூரத்துக்கு வீட்டு மீட்டரில் கூடுதலாக 320 யூனிட் ஏறுகிறது. யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று ஒற்றை வரியில் பெருக்கிச் சொல்லும் விற்பனையாளரை நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம்; ஆனால் இரண்டு மாதப் பயன்பாடு 500-ஐத் தாண்டினால் மானியமும் குறைகிறது, மேல் யூனிட்டுகளின் விலையும் எட்டு ரூபாய்க்கு மேல் போகிறது. எங்கள் வீட்டில் 380 யூனிட் 700 ஆனது. சுமார் 1,100 ரூபாய் கட்டிய இடத்தில் 3,900 கட்டுகிறேன். அதாவது காருக்கு 2,800. அப்படியும் பெட்ரோல் செலவில் கால் பங்குக்கும் குறைவு. என் கட்டணத்தைப் பழையபடி குறைத்துவிட்டேன்.

கார் ஓட்ட அருமையாக இருக்கிறது. கிளட்ச் இல்லாததால் மார்த்தாண்டம் நெரிசலிலும் இடது முழங்கால் வலிப்பதில்லை. பேச்சிப்பாறைப் பக்கம் இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் தணிந்து, பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்புகிறது. சத்தமே இல்லாதது மட்டும் கடற்கரை ஊர்களில் கவலை. சந்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கார் வருவது தெரிவதில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்துத்தான் போகிறேன். அழகியமண்டபம் சாலையில் ஒரு குழியில் இறங்கி அடிப்பாகம் தட்டியது. பேட்டரி அங்கேதான் இருக்கிறது. அன்றே தூக்கிப் பார்க்கச் செய்தேன், கீறல் மட்டும்தான்.

இனி முக்கியமான விஷயம். கார் வந்த முதல் இரவே சார்ஜ் ஏறவில்லை. 15 ஆம்பியர் பிளக்கில் செருகினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு மினுக்கியது. வண்டியில்தான் கோளாறு என்று நினைத்து இரவெல்லாம் தூக்கமில்லை. மறுநாள் எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். நூறு வாட் குண்டு பல்பு மாட்டிய ஹோல்டரின் ஒரு வயரை மின்சாரம் வரும் ஃபேஸிலும் மற்றதை அது திரும்பும் நியூட்ரலிலும் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. நியூட்ரலில் இருந்ததை எடுத்து, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தில் வைத்தார். எர்த் சரியாக இருந்தால் அதே வெளிச்சம் வர வேண்டும். இழை மட்டும் சிவந்து நின்றது. "அக்கா, காரில் குற்றம் இல்லை. உங்கள் வீட்டு எர்த்தில்தான் குற்றம்" என்றார். கிணற்றங்கரையில் எர்த் பைப் இறக்கிய இடத்தைத் தோண்டினோம். அப்பா வீடு கட்டியபோது போட்ட குழி. பைப்பில் வயர் இணைத்த போல்ட் துருவாகி, தொட்டதும் உதிர்ந்தது. புதிய பைப் இறக்கி, கரியும் உப்பும் மாறிமாறி அடுக்கி, நாலு குடம் தண்ணீர் ஊற்றி மூடினார். சாயங்காலம் செருகினேன், பச்சை விளக்கு எரிந்தது. இத்தனை வருடம் அதே வீட்டில் எர்த் இல்லாமல்தான் வாட்டர் ஹீட்டரும் வாஷிங் மெஷினும் ஓடியிருக்கின்றன என்பதை நினைத்தால் இப்போதும் உடல் நடுங்குகிறது. கார் வாங்குகிறீர்களோ இல்லையோ, உங்கள் வீட்டு எர்த்தைச் சோதித்துவிடுங்கள். இரவு பத்து மணிக்குச் செருகினால் காலை ஆறு மணிக்குள் ஒரு நாளுக்கு வேண்டியதற்கு மேலேயே நிறைந்துவிடுகிறது.

முழு சார்ஜில் மாவட்டத்துக்குள் 170 கிலோமீட்டர் நிச்சயம். திருவனந்தபுரம் போய்த் திரும்பலாம். திருநெல்வேலிதான் சோதித்தது, அதுவும் ஆனி மாதத்தில். போகும்போது ஆரல்வாய்மொழி கணவாயில் தென்மேற்குக் காற்று முதுகில் தள்ளியது. முப்பந்தல் காற்றாலைகள் எல்லாம் முழு வேகத்தில் சுழன்றன. திருநெல்வேலியில் இறங்கியபோது 51 சதவீதம் மீதி. அதே காற்று திரும்பும்போது முகத்தில் அடிக்கும் என்று தெரிந்திருந்ததால் வழியில் ஒரு சார்ஜ் நிலையத்தில் நிறுத்தினேன். காரில் செருகும் சார்ஜ் துப்பாக்கிகள் இரண்டில் ஒன்று வேலை செய்யவில்லை; மற்றதில் வேறொரு கார். 50 நிமிடம் காத்திருந்து, 8 யூனிட் ஏற்றி, 18 சதவீத ஜிஎஸ்டியோடு 200 ரூபாய் கொடுத்தேன். யூனிட் 25 ரூபாய்! கழிப்பறையும் இல்லை, நிழலும் இல்லை. தனியாகப் போகும் பெண்களுக்கு இரவில் அந்த இடத்தை நான் சொல்லமாட்டேன்.

சர்வீஸும் சுமார்தான். சார்ஜ் மூடியின் பூட்டு உடைந்தபோது, உதிரிபாகம் வர ஒன்பது நாள் ஆனது. பேட்டரி சம்பந்தமான வேலை தெரிந்தவர் சர்வீஸ் சென்டரில் தினமும் இருப்பதில்லை. அந்த ஒன்பது நாளும் ஆட்டோவில் போனேன்.

ஆட்டோவில் போனதால்தான் இன்னொரு கணக்கும் போட்டேன். 2025 ஏப்ரலில் 2 ரூபாய் கூட்டிய பிறகு பெட்ரோல் லிட்டருக்கு மத்திய கலால் வரி 21 ரூபாய் 90 காசாக இருந்தது. அதன்மேல் மாநிலத்தின் வாட் எனும் விற்பனை வரி 13 சதவீதமும், லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். இரண்டும் சேர்ந்து அப்போதைய 101 ரூபாயில் ஏறத்தாழ 43 ரூபாய் வரி. வரி விலையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதைக் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் கண்ணாலேயே பார்க்கலாம். கேரளத்தில் வரி அதிகம், 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் எனும் கூடுதல் வரி வேறு. பாறசாலைக்காரர்கள் எல்லை தாண்டி வந்து நம் பெட்ரோல் பங்குகளில் டேங்கை நிரப்பிப் போகிறார்கள். எனக்கோ, காருக்கு 5 சதவீதம்தான் ஜிஎஸ்டி. அப்போது சிறிய பெட்ரோல் காருக்கு 28 சதவீதம். சாலை வரியும் இல்லை. சலுகை நல்லதுதான், பயன்பட்டவள் நான். ஆனால் லட்சங்களைப் புரட்டக்கூடிய எனக்கு வரி தள்ளுபடி. நோயாளியை ஏற்றி வரும் ஆட்டோக்காரர் ஒவ்வொரு லிட்டருக்கும் வரி கட்டுகிறார். இது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர்களும் மின்சார வண்டிக்கு மாறும்வரையாவது அந்த வரியைக் குறைக்க வேண்டும்.

சொந்த வீடு, வண்டி நிற்க மூடிய இடம், மாவட்டத்துக்குள்ளேயே ஓட்டம் என்றால் தயங்காமல் வாங்குங்கள். வாடகை வீடு என்றால் முதலில் உரிமையாளரிடம் பிளக்குக்கு அனுமதி கேளுங்கள். மாதம் இருமுறை மதுரைக்குப் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

கடியப்பட்டணத்தில் ஓர் அப்பா, நடக்க முடியாத மகளை மொபெட்டில் முன்னால் உட்கார வைத்துச் சிகிச்சைக்குக் கொண்டு வருவார். போன வாரம் என் காரைச் சுற்றிப் பார்த்து, "இதேபோல ஸ்கூட்டர் இருக்கிறதாமே, எங்கள் வீட்டில் சார்ஜ் ஏறுமா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறேன், முதலில் எர்த்தைப் பார்க்க.