மூட்டத்துக்குள் போர்க்கப்பல்: 11 வருஷக் கணக்கு

கட்டியது பதினான்கு கப்பல், எல்லாம் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் மாதிரிப் போர்க்கப்பல். அலமாரியில் இன்று நிற்பது ஒன்பது. மிச்சம் ஐந்தும் எங்கே போயின என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எழுதுகிற விமர்சனங்களுக்குக் குறைவில்லை. அச்சு எவ்வளவு கூர்மை, பாகம் எப்படிப் பொருந்துகிறது என்று எல்லாம் இருக்கும். அதே கப்பல் ஐந்து மழைக்காலத்தைத் தாண்டிய பிறகு என்ன கோலத்தில் இருக்கிறது என்று எழுதுகிறவர் குறைவு. அதிலும் இலங்கை மலைநாட்டில் அப்புத்தளை மாதிரி ஊர். பகல் இரண்டு மணிக்கே மூட்டம் ஜன்னல் வழியாக வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

எனக்குத் தேயிலை இஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் உதவி டீமேக்கர். உனக்கும் கப்பலுக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்காத ஆள் தோட்டத்தில் இல்லை. கேள்வி நியாயமானதுதான். நல்ல வெளிச்சமான நாளில் மேட்டில் நின்றால் தெற்கே கடல் ஒரு கோடாகத் தெரியும், அவ்வளவுதான் எங்கள் உறவு. ஆனால் பக்கத்துத் தியத்தலாவையில் மலைச்சரிவில் ஒரு நரி உருவம் இருக்கிறதே, அதைப் போட்டவர்கள் பிரிட்டிஷ் கடற்படையின் 'ஃபாக்ஸ்' என்ற குரூசர் கப்பல் மாலுமிகள் என்று சொல்வார்கள். அப்புறம் எங்கள் அப்பாயி. சின்ன வயதில் நான் ஏதாவது குறும்பு பண்ணினால் "சரியான எம்டன்டா நீ" என்பார். அது ஒரு கப்பலின் பெயர் என்பது எனக்கு இருபது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது.

2014இல் மாமா மகன் தோஹாவிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது ரெவெல் கம்பனியின் 1/1200 பிஸ்மார்க், அதாவது அந்த ஜெர்மன் போர்க்கப்பலின் 1200இல் ஒரு பங்கு. 251 மீட்டர் கப்பல், கைக்கு வரும்போது 21 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கீழே. நகவெட்டியால் பாகங்களை வெட்டி, கடையில் கிடைத்த சூப்பர் குளூவால் ஒட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டேன். விரல் ரேகை முழுக்கக் கப்பலில் இருந்தது. அதுதான் காணாமல் போன ஐந்தில் முதலாவது. மகள் அதைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டாள். மிதந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அதற்குப் பிறகு 1/700க்கு வந்தேன், பெரும்பாலும் அதிலேயே நின்றுவிட்டேன். ஜப்பானின் ஷிசுவோக்கா பகுதிக் கம்பனிகளான டமியா, ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி நாலும் சேர்ந்து 1971இல் தொடங்கிய வாட்டர்லைன் வரிசைதான் இந்த அளவைப் பிரபலமாக்கியது. எந்தக் கப்பலை யார் செய்வது என்று தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். தண்ணீருக்குக் கீழே இருக்கும் அடிப்பாகம் கிடையாது. மேசையில் வைத்தால் கடலில் நிற்பது போலவே இருக்கும். 263 மீட்டர் ஜப்பானியப் போர்க்கப்பல் யமாட்டோ கூட 38 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதையே 1/350இல் வாங்கினால் 75 சென்டிமீட்டர். தோட்டத்துக் குவாட்டர்ஸில் அதற்கு இடம் கொடுப்பதென்றால் சாமிப் படத்தைத்தான் கழற்ற வேண்டும்.

ஆயுதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாகம் வெட்ட நல்ல நிப்பர் ஒன்று, நேர்முனை ட்வீசர் ஒன்று, கத்தி. கத்தியின் பிளேடு இங்கே இரண்டு வாரத்தில் துருப்பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வைத்தால் போதும். பச்சை மூடி போட்ட டமியா எக்ஸ்ட்ரா தின் சிமென்ட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து, பிரஷ் முனையால் இடுக்கைத் தொட்டால் அது தானாக உள்ளே ஓடிவிடும். 11 வருஷத்தில் நான் மாற்றாத ஒரே பொருள் அதுதான். சூப்பர் குளூ வேறு ரகம். அது காய்வதற்கே ஈரம்தான் வேண்டும், எங்கள் ஊரில் அது தாராளம். அதனால் கண் மூடித் திறப்பதற்குள் இறுகிவிடும், பக்கத்தில் இருக்கும் இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்தும் விடும். பித்தளைத் தகட்டில் வெட்டிய கைப்பிடிகளை ஒட்ட அதை விட்டால் வழியில்லை. ஊசிமுனையில் எடுத்துத் தொட்டுவைக்க வேண்டும். குளூ போத்தலுக்கு ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் இடம். வீட்டில் அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

சரி, உண்மையான பிரச்சினை பெயின்ட்.

பெயின்டைக் காற்றோடு ஊதி அடிக்கும் ஏர்பிரஷ்ஷும், அதற்குக் காற்றை அமுக்கித் தரும் சின்னக் கொம்ப்ரெசரும் 2016இல் வாங்கினேன். முதல் தடவை ஒரு டிஸ்ட்ரோயருக்கு (நாசகாரிக் கப்பல்), தின்னரில் கரையும் லாக்கர் பெயின்ட் அடித்தேன். ஐந்து நிமிஷத்தில் கப்பல் முழுக்கச் சாம்பல் பூசினாற்போல வெளுத்துவிட்டது. பெயின்ட் பழுது என்று நினைத்து இரண்டாவது போத்தலைத் திறந்தேன். அதுவும் அப்படியே. விஷயம் என்னவென்றால், லாக்கரின் தின்னர் வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கும், குளிர்ந்த இடத்தில் காற்றின் ஈரம் படியும். அந்த ஈரம்தான் வெள்ளை. போதாததற்குக் கொம்ப்ரெசரும் ஈரக்காற்றைத்தான் இழுத்து அமுக்குகிறது. குழாயில் சேர்ந்த தண்ணீர் நடுவில் 'துப்' என்று கப்பல் மேலேயே துப்பும். குழாயில் ஈரம் பிடிக்கும் கிண்ணம் பொருத்தாமல் இங்கே ஏர்பிரஷ்ஷைத் தொடவே கூடாது. அந்தக் கிண்ணம் இங்கே ஒரு பிற்பகலில் கால்வாசி நிரம்பும்.

இதற்கு மருந்து எனக்கு இஸ்டோரில்தான் கிடைத்தது. கொழுந்து அரைக்கும் ரோலிங் ரூமில் இரண்டு வெப்பமானி பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழ் காய்ந்தது, மற்றதன் குமிழில் ஈரத்துணி. இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்தால் காற்றில் ஈரம் அதிகம். அரைத்த கொழுந்து காயாமல் புளிக்க வேண்டும் என்பதால் அங்கே நாங்கள் வித்தியாசத்தை இரண்டு மூன்று ஃபாரன்ஹீட்டுக்குள் வைக்கப் படாதபாடு படுவோம். பெயின்டுக்கு அதற்கு நேர் எதிர். வீட்டில் பழைய ஜோடி ஒன்றைத் தொங்கவிட்டேன். காய்ந்தது 65, ஈரமானது 59 என்றால் ஈரப்பதம் கிட்டத்தட்ட 70 வீதம். வித்தியாசம் ஆறுக்குக் கீழே போனால் ஏர்பிரஷ் பெட்டிக்குள். இந்த விதியை வைத்துக்கொண்ட பிறகு வெளுத்த கப்பல் ஒன்றுகூட இல்லை. ஆனால் வருஷத்தில் அடிக்கக் கிடைக்கும் நாள்கள் ரொம்பக் குறைவு. பெப்ரவரி, மார்ச்சை நம்பித்தான் பிழைப்பு. அவசரத்துக்கு ரிட்டார்டர் கலந்த தின்னர் இருக்கிறது, காய்வதை மெதுவாக்கும். வெளுத்த இடத்தில் தின்னரை மட்டும் மெல்ல ஊதினாலும் பாதிக்குப் பாதி தெளியும்.

இஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்குக் கீழே சூடான காற்று வருகிறதே, பாகங்களை அங்கே காயவைத்தால் என்ன என்று கேட்டார் ஒரு நண்பர். ஐயோ சாமி! தேயிலை மாதிரி வாசம் இழுக்கும் பொருள் வேறில்லை. சோப்பு, மண்ணெண்ணெய், பெயின்ட், எது பக்கத்தில் இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். கொழும்பில் ருசி பார்ப்பவர் ஒரு வாய் உறிஞ்சியவுடன் 'டெய்ன்ட்', அதாவது பிற வாசம் ஏறியது என்று எழுதிவிடுவார். அந்த இன்வாய்ஸில் போன தேயிலை முழுக்கப் போச்சு. அதனால் லீவுக்கு முந்தைய நாள் மட்டும்தான் நான் லாக்கரைத் தொடுவது. மறுநாள் முழுக்கக் கையைத் தேய்த்து, குளித்து, உடுப்பு மாற்றி, அதற்கடுத்த நாள்தான் வேலைக்கு. மற்ற நாள்களில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கும் பிரஷ்ஷும். இப்போது யோசித்தால் 1/700க்குப் பிரஷ்ஷே போதும் என்று தோன்றுகிறது. மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு இரவு. அவசரப்படாத ஆளுக்கு ஏர்பிரஷ் காசு மிச்சம்.

கட்டி முடித்த கப்பலை வைத்திருப்பது இன்னொரு கதை. கண்ணாடி அலமாரிக்குள் 15 வாட் குண்டு பல்பு ஒன்றை எந்நேரமும் எரியவிட்டிருந்தேன். வெளிச்சத்துக்காக இல்லை, சூட்டுக்காக. 2019இல் கரண்ட் பில்லைப் பார்த்த மனைவி நல்ல எண்ணத்தோடு அதைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டார். வெளிச்சம் முன்னைவிடப் பிரமாதம். எல்.இ.டி. சுடாது என்பது எனக்கும் உடனே உறைக்கவில்லை. டிசம்பர் மழை முடிந்து திறந்து பார்த்தால் மூன்று கப்பலின் தளத்தில் பூஞ்சை, டெக்கல் கொடிகள் (தாளிலிருந்து எடுத்து ஒட்டும் படங்கள்) ஓரம் கிளம்பி நிற்கின்றன. அதில் ஒரு கப்பலுக்கு அடியில் பாரத்துக்காக வைத்த இரும்புத் துண்டு துருப்பிடித்து, செந்தண்ணீர் கசிந்து உடலே பிளந்திருந்தது. அந்த மூன்றும் போய்விட்டன. அன்றிலிருந்து இரும்புத் துண்டு எந்தப் பெட்டியில் வந்தாலும் எடுத்து வெளியே போட்டுவிடுகிறேன். குண்டு பல்பு திரும்பி வந்தது, கூடவே சிலிக்கா ஜெல்லும். மணி நிறம் மாறினால் பழைய சட்டியில் போட்டு மிதமான சூட்டில் வறுத்தால் திரும்பப் பழைய நிறம். சமைக்கிற சட்டி வேறு, இந்தச் சட்டி வேறு.

ஐந்தாவது, பார்சலில் வந்தபோதே வழியில் நசுங்கிய ஒன்று. கட்டிப் பார்த்தேன், முதுகு வளைந்தே நின்றது.

நின்றவற்றில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று எம்டன், ரெவெல் 1/350. 118 மீட்டர் சின்ன ஜெர்மன் குரூசர் என்பதால் இந்த அளவிலும் 34 சென்டிமீட்டர்தான், சாமிப் படம் தப்பியது. 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளை எரித்துவிட்டுப் போன கப்பல். தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. இதற்கு உண்மையில் புகைபோக்கி மூன்று. பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரியட்டும் என்று பொய்யாக நாலாவதையும் நிறுத்துவார்கள். அதை நான் டீ பாக்கெட்டின் உள்தாளைச் சுருட்டிச் செய்தேன், கழற்றி மாட்டலாம். வருகிறவர்களிடம் "இதில் எது பொய்?" என்று கேட்பது என் வழக்கம். கயிறுகளுக்கு முதலில் பருத்தி நூல் கட்டினேன், பெரிய தப்பு. மூட்டம் வந்தால் நூல் இறுகிக் கொடிமரம் வளைகிறது, வெயில் வந்தால் தொய்கிறது. எல்லாவற்றையும் அறுத்துவிட்டு, பாகங்கள் கோத்து வரும் சட்டத் துண்டை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்துத் தலைமுடி மாதிரி இழை எடுத்தேன். ஒட்டிய பிறகு ஊதுபத்திக் கங்கைப் பக்கத்தில் கொண்டுபோனால் இழை தானாக விறைக்கும். தொட்டால் போச்சு, அறுந்துவிடும். மூன்று அறுந்தன.

மற்றது அவோஷிமாவின் 1/700 ஹெர்மீஸ், பிரிட்டிஷ் கப்பல். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல். 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். அன்றைக்குக் கப்பலில் விமானம் ஒன்றுகூட இல்லை. அதனால் தளத்தில் நானும் ஒன்றும் ஒட்டவில்லை. பார்க்கிறவர்கள் முடியவில்லையா என்று கேட்கிறார்கள். முடிந்துவிட்டது, அப்படித்தான். 26 சென்டிமீட்டர் வெறும் தளம். அதை மூழ்கடித்த நாட்டிலேயே அச்சு வார்த்த கிட் என்பதையும் யோசித்துக்கொண்டுதான் ஒட்டினேன்.

காசு விஷயம். ஹெர்மீஸ் 2021இல் வரி, தபால் எல்லாம் சேர்த்து வீட்டுக்கு வந்தபோது சுமார் 9,000 ரூபாய். அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எத்தன பேருடா?" என்றார். தோட்டத்தில் ஒரு 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். அந்த வருஷம்தான் நாள் சம்பளம் 1,000 ஆனது. ஒன்பது முழுப்பேர். நான் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு பெட்டிதான், முன்னையது முடியாமல் அடுத்தது கிடையாது. 2022இல் டொலர் 200இலிருந்து 360க்குத் தாவியபோது நிறையப் பேர் ஏன் முன்கூட்டியே வாங்கிக் குவிக்கவில்லை என்று வருந்தினார்கள். நான் வருந்தவில்லை. ஈர அலமாரியில் குவித்த பெட்டிக்குள் டெக்கல் மஞ்சளாவதைப் பார்த்திருக்கிறேன். மஞ்சளானதை ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டிவைத்தால் கொஞ்சம் வெளுக்கும், அதற்கும் வெயில் வேண்டுமே. அந்த வருஷம் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் இல்லாத நாள்களும் இருந்தன. ரீசார்ஜ் விளக்கில் பிரஷ் பிடித்து எம்டனை முடித்தேன்.

தொடங்குகிறவர் கேட்டால் 1/700 டிஸ்ட்ரோயர் ஒன்றை வாங்கச் சொல்வேன். பித்தளைத் தகட்டுப் பாகங்களை மூன்றாவது கப்பல் வரைக்கும் தொட வேண்டாம். எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் பெயின்டுக்கு முன்னால் அந்த இரண்டு வெப்பமானிகளை வாங்கச் சொல்வேன்.

இப்போது மேசையில் இருப்பது டோர்செட்ஷயர் என்ற பிரிட்டிஷ் குரூசர், அதுவும் அவோஷிமா. 1941 மே 27 அன்று பிஸ்மார்க் மீது கடைசி டார்பிடோக்களை விட்ட கப்பல். அடுத்த ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு, இலங்கைக்குத் தென்மேற்கே அதுவும் போனது. உடல் ஒட்டியாயிற்று, அடிப்பூச்சான பிரைமருக்குக் காத்திருக்கிறது. இன்று காலை காய்ந்தது 62, ஈரமானது 61. மூடி போட்டு வைத்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன்.