ரூ.46,800 கொடுத்து மூட்டுவலி வாங்கினேன்: டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் ஆண்கள் கவனத்துக்கு

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஊசியாக எனக்கு விற்ற கைபேசிச் செயலிக்காரர்களிடமிருந்து நேற்று மாலை ஆறரை மணிக்குக் கடைசி மின்னஞ்சல் வந்தது. "தங்கள் கோரிக்கை நிறைவுற்றதாகக் கருதி முடித்து வைக்கப்படுகிறது" என்ற ஒற்றை வரி. என் கோரிக்கை என்ன, அது எந்த வகையில் நிறைவுற்றது என்பது அவர்களுக்கே வெளிச்சம். ரூ.46,800 போனது ஒரு பக்கம் இருக்கட்டும். மாடிப்படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறும் நிலைக்கு நாற்பத்து நான்கு வயதில் வந்திருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் வெட்கம் வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். இத்தகைய இடங்களில் சிக்காமல் சிகிச்சை பெறுவது எப்படி என்பதையும் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். ஆண்களின் உடல்நலத்துக்கென்றே நடத்தப்படும் கைபேசிச் செயலி அது. வீடியோவில் மருத்துவர், வீட்டுக்கே வந்து இரத்தம் எடுக்கும் ஆள், கறுப்புப் பெட்டியில் மருந்து என்று எல்லாம் படுத்த இடத்திலேயே கிடைக்கும். முடி உதிர்வில் தொடங்கி தாம்பத்தியம் வரை எந்தக் குறைக்கும் அவர்களிடம் ஒரு பெட்டி தயாராக இருக்கிறது.

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எடை 94 கிலோ. கடந்த ஓராண்டாகவே அசதி, எதிலும் பிடிப்பின்மை, மனைவியிடம் காரணமில்லாத எரிச்சல். இதை வெளியே எவரிடம் சொல்வது? குடும்ப மருத்துவரிடம் போனால் அங்கே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் தெரிந்தவர்கள். அப்படியொரு இரவில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

மறுநாளே ஆலோசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். முதல் இரண்டு நிமிடம் 'சார்', அதன்பிறகு 'அண்ணா'. அவர் கேட்ட முதல் கேள்வியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. "ராத்திரி நல்லாத் தூங்குறீங்களாண்ணா?" என்றார். ஓராண்டில் ஒருவரும் என்னைக் கேட்காத கேள்வி அது. தொண்டை அடைத்துக்கொண்டது. நான் பேசப் பேச அவர் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், "எத்தனை பேர் இதை உள்ளயே வெச்சுப் புழுங்கிட்டு இருக்காங்க தெரியுமாண்ணா, நீங்க வாய் திறந்து சொன்னதே பாதி குணம்" என்றார். பொய் சொல்லி மயக்கினார் என்றால்கூட மனம் ஆறும். அவர் சொன்னதில் பொய்யே இல்லை, உண்மையைத்தான் தூண்டிலில் கோத்திருந்தார். மீதிக் குணத்துக்கு விலை ஆறு மாதத்துக்கு ரூ.36,000. முழுத் தொகையையும் அன்றே கட்டினால் தள்ளுபடி போக வரும் விலை என்றார்கள். மேசையில் இருந்த தேநீர் ஆறுவதற்குள் யுபிஐயில் அனுப்பிவிட்டேன். காலணா கணக்குக்கும் ரசீது கேட்கும் வேலையில் இருபது ஆண்டுகளாக இருப்பவன் நான்.

இரத்தம் எடுக்க ஆள் வந்தது சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மதியம் பிரியாணி சாப்பிட்ட வயிற்றோடு. டெஸ்டோஸ்டிரோன் அளவு டெசிலிட்டருக்கு 268 நானோகிராம் என்று முடிவு வந்தது. இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலையில் தாழும், சாப்பிட்டால் இன்னும் தாழும். ஆகவே வெறும் வயிற்றில், காலை வேளையில், இரண்டு வெவ்வேறு நாள்களில் பார்த்த பிறகுதான் குறைபாடு என்று முடிவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வீடியோவில் வந்த மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? பதினோரு நிமிடம் பேசினார். டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் 250 மில்லிகிராம், பதினான்கு நாளுக்கு ஒரு ஊசி என்று எழுதிக் கொடுத்தார். குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. வெளியிலிருந்து இந்த ஹார்மோன் போனால் விந்தணு உற்பத்தியே நின்றுபோகலாம். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்; இல்லாத ஒருவன் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

முதல் மாதம் நன்றாகவே இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆறாவது வாரத்தில் சட்டை உரசினாலே மார்புக் காம்பு வலித்தது. மோதிரம் இறுகியது, மாலையில் காலுறையின் தடம் கணுக்காலில் பள்ளமாகப் பதிந்தது. எழுதிக் கேட்டேன். மீண்டும் இரத்தப் பரிசோதனை, இந்த முறை ஊசி போட்ட மூன்றாம் நாள். எஸ்ட்ரடையால், அதாவது பெண் ஹார்மோன் எனப்படும் ஈஸ்ட்ரோஜனில் முதன்மையானது, மில்லிலிட்டருக்கு 58 பிகோகிராம். அதே ஆலோசகர் அழைத்தார். "ஈஸ்ட்ரோஜன் எகிறிடுச்சுண்ணா, இப்படியே விட்டா மார்பு பொம்பளைங்க மாதிரி ஆயிடும்" என்றார். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. 'ஹார்மோன் சமநிலை' பெட்டிக்கு ரூ.8,500, பரிசோதனைகளுக்கு ரூ.2,300. முன்னால் கட்டிய 36,000 ரூபாயோடு சேர்த்தால் ரூ.46,800. பெட்டிக்குள் தினம் ஒன்று விழுங்க வேண்டிய சிறிய வெள்ளை மாத்திரையும், புரோக்கோலியிலிருந்து எடுத்த சத்து என்று சொல்லப்பட்ட பச்சைக் குப்பிகளும் இருந்தன.

ஐந்து வாரம் ஒரு நாள் தவறாமல் விழுங்கினேன். வீக்கம் வடிந்தது, காம்பு வலியும் போனது. அதற்குப் பதிலாக விரல் கணுக்கள் காலையில் மடங்க மறுத்தன, முழங்கால் குத்தியது, மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு திடீரென்று கொதித்து வியர்த்தது. எதற்காக இந்தச் சிகிச்சையைத் தொடங்கினேனோ அந்த ஆசை முன்பிருந்ததைவிட மோசமாக வற்றிப்போனது. மகளின் பள்ளி ஆண்டு விழாவில் காரணமே இல்லாமல் கண்ணீர் வந்தது. அரட்டைப் பெட்டியில் எழுதினால், "உடல் புதிய சமநிலைக்குப் பழகும் காலம் இது, தொடர்ந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற பதில் வந்தது. மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஓர் எழுத்துகூட மாறாத அதே பதில்.

மாத்திரை அட்டையின் பின்புறம் முழுவதும் அவர்களுடைய ஒட்டுத்தாள் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து நகத்தால் அதைச் சுரண்டினேன். பாதி கிழிந்து, பிசின் ஒட்டிய வெள்ளித்தாளில் 'அனஸ்ட்ரசோல் 1 மி.கி.' என்ற எழுத்துகள் தெரிந்தன. என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, இது எங்க பெரியம்மா மார்புல ஆபரேஷன் பண்ணினதுக்கப்புறம் சாப்பிடற மாத்திரை ஆச்சே? நாந்தான மாசா மாசம் வாங்கிக் குடுக்கறேன்!" என்றாள். மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்ற மருந்து அது. பெரியம்மாவும் இரண்டு ஆண்டுகளாக முழங்கால் வலி, உடம்புக் கொதிப்பு என்று புலம்பிக்கொண்டிருக்கிறார்; எலும்பு தேயாமல் இருக்க அவருக்குத் தனி மருந்து வேறு கொடுக்கிறார்கள்.

கோயம்புத்தூரில் ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார்த்தேன். என் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "தினம் ஒண்ணு சாப்பிடச் சொன்னது யாருங்க?" என்று மட்டும் கேட்டார். புதிதாக எடுத்த பரிசோதனையில் எஸ்ட்ரடையால் 5 பிகோகிராமுக்கும் கீழே, அதாவது கருவியால் அளக்க முடியாத அளவு. அவர் பொறுமையாக விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். உடலில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. இந்த மாற்றம் பெரும்பாலும் கொழுப்பில் நடக்கிறது. ஆகவே தொப்பை உள்ளவனுக்கு ஒரே வீச்சில் பெரிய ஊசியைப் போட்டால் ஈஸ்ட்ரோஜனும் கூடவே ஏறத்தான் செய்யும். அதற்கு முதல் வழி ஊசியின் அளவைக் குறைப்பது, அல்லது அதையே பிரித்து வாரம் ஒருமுறை சிறிய அளவாகப் போடுவது. எடையைக் குறைப்பது அதோடு சேர்ந்தே நடக்க வேண்டிய வேலை. அனஸ்ட்ரசோல் போன்ற மாத்திரை, இவற்றுக்கெல்லாம் அடங்காத தொந்தரவு உள்ள சிலருக்கு மட்டும், குறைந்த அளவில், கண்காணிப்போடு தரப்படுவது. அறிக்கையில் ஓர் எண் கூடுதலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அதைக் கொடுப்பதில்லை.

அந்த எண்ணே சரியில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. எனந்தேட் ஊசி போட்ட இரண்டு மூன்று நாளில் ஹார்மோன் உச்சத்தில் நிற்கும். இரண்டு ஊசிகளுக்கு நடுவில் அளக்க வேண்டியதை அவர்கள் உச்சத்தில் அளந்திருக்கிறார்கள். பயன்படுத்திய முறையும் பெண்களின் கூடுதல் அளவுகளுக்கு ஏற்ற சாதாரண முறை. ஆண்களின் குறைந்த அளவை நம்பகமாக அறிய, மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் பார்க்க வேண்டுமாம். தவறான நாளில் தவறான முறையில் எடுத்த ஓர் எண்ணைக் காட்டி என்னைப் பயமுறுத்தி ரூ.8,500 பிடுங்கியிருக்கிறார்கள். ஆணுக்கு ஈஸ்ட்ரோஜன் எதிரி என்ற நினைப்பே பிழை. 2013-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வில் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோனைக் கொடுத்துக்கொண்டே இதே அனஸ்ட்ரசோலால் ஈஸ்ட்ரோஜனை மட்டும் அடக்கியபோது, உடல் கொழுப்பு கூடி, தாம்பத்திய ஆர்வம் குறைந்தது. நான் பணம் கட்டி அனுபவித்தது பத்தாண்டுகளுக்கு முன்பே அச்சில் வந்த சங்கதி.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. என் ஹீமடோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 55 விழுக்காடு. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்கி இரத்தத்தைத் தடிமனாக்கும். 54-ஐத் தாண்டினால் ஊசியை நிறுத்த வேண்டும் என்பது விதி. மூன்று மாதத்தில் அந்தச் செயலிக்காரர்கள் ஒருமுறைகூட இதைப் பார்க்கச் சொல்லவில்லை. ஊசியும் மாத்திரையும் அன்றே நிறுத்தப்பட்டன. என் குறட்டையைப் பற்றி மனைவியிடம் விசாரித்துவிட்டு, தூக்கப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு உண்மையிலேயே குறைபாடு இருந்ததா என்பதை, என் உடம்பு சொந்தமாகச் சுரக்கத் தொடங்கிய பிறகு, சில மாதம் கழித்துக் காலையில் எடுக்கும் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்ட கதை இனி. 'அண்ணா' என்றவர் என் எண்ணை எடுப்பதே இல்லை. வேறு எண்ணிலிருந்து அழைத்தபோது எடுத்து, என் குரலைக் கேட்டதும், "சார், நீங்க சப்போர்ட் டீமுக்கு எழுதுங்க" என்றார். மீண்டும் 'சார்' ஆகிவிட்டேன். எழுதினால், சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியது நான்தான் என்று பதில். மருத்துவரிடம் பேச வேண்டும் என்றால், அவர் இப்போது எங்களோடு இல்லை. வேறு மருத்துவரைப் பார்த்துவிட்டதால் பொறுப்பு முடிந்தது என்றும், பெட்டி திறக்கப்பட்டுவிட்டதால் பணம் திரும்பாது என்றும் அடுத்தடுத்து இரண்டு பேர் எழுதினார்கள். மூன்றாமவர், என் ஏமாற்றத்துக்கு வருந்துவதாகச் சொல்லி, தாடி எண்ணெய் வாங்க பத்து விழுக்காட்டுத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார். ரூ.46,800 போனவனுக்குத் தாடி எண்ணெய்.

அதன்பிறகுதான் மருந்துச் சீட்டை நிதானமாகப் பார்த்தேன். மருத்துவரின் பதிவு எண் அதில் இல்லை. தொலைமருத்துவத்துக்கு 2020 மார்ச் மாதம் வெளியான வழிகாட்டு நெறிமுறைகளின்படி, சீட்டில் பதிவு எண் இருந்தே ஆக வேண்டும். அந்த எண்ணைக் கொடுங்கள் என்று எழுதிய இருபதாவது நிமிடத்தில் வந்ததுதான் முதலில் சொன்ன அந்த ஒற்றை வரி.

விளக்கமாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். விரல்கள் ஒத்துழைக்கவில்லை, ஆகவே அவசரமாகச் சில மட்டும். ஒரே ஒரு மாலைப் பரிசோதனையை வைத்து எவர் ஊசி எழுதினாலும் எழுந்து வந்துவிடுங்கள். சீட்டில் பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒட்டுத்தாள் மறைத்த மாத்திரையைப் பெயர் தெரியாமல் விழுங்காதீர்கள். காம்பு வலித்தால், மார்பைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரிடம் நேரில் போங்கள். உள்ளே கட்டி இருக்கிறதா என்பது வீடியோவில் தெரியாது. ஏற்கெனவே ஊசியில் இருப்பவர்கள் ஹீமடோகிரிட்டை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகாரைப் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து இலட்ச ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அங்கேயும் போகப் போகிறேன். சுரண்டிய அட்டையையும் பதிவு எண் இல்லாத சீட்டையும், அந்தத் தாடி எண்ணெய்க் கூப்பனையும் ஒரே கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். ரூ.46,800-க்கான ரசீதை மட்டும் அவர்கள் இன்னும் அனுப்பவில்லை.