கம்பி எலிக்கூண்டு: வாங்கலாம், கொக்கியைப் பார்த்து வாங்குங்கள்

மேலே பிடி, முன்னால் விழுகிற கதவு, உள்ளே இரை மாட்டும் கொக்கி. சாதாரணக் கம்பிக்கூண்டுதான். அட்டைப் பெட்டியில் ‘எல்லா வகை எலிகளுக்கும்’ என்று போட்டிருக்கிறார்கள். அது சுத்தப் பொய். பெருச்சாளிக்கு இந்தக் கூண்டு பத்தாது. பாதி உடம்பு வெளியே இருக்கும்போதே கதவு முதுகில் விழும். சுண்டெலிக்கோ இது கூண்டே இல்லை. ஆறு மில்லிமீட்டர் இடுக்கு கிடைத்தாலே அது நுழைந்துவிடும். இந்தக் கம்பிகளின் இடைவெளி அதைவிடப் பெரிது. கடலையைத் தின்றுவிட்டுப் பக்கவாட்டில் இறங்கிப் போய்விடுகிறது.

நடுத்தர வீட்டு எலிக்கு நன்றாகவே வேலை செய்கிறது, நாம் அவசரப்படாமல் இருந்தால். எலிக்குப் புதுப்பொருள் என்றாலே சந்தேகம். நேற்று இல்லாத ஒன்று இன்று வழியில் இருந்தால் சுற்றிக்கொண்டு போகும். ‘ஒன்றுமே விழவில்லை’ என்று ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களில் பலர் முதல் ராத்திரியே கதவைப் பொறியில் மாட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். கதவைத் திறந்தபடி கட்டிவைத்து, சில ராத்திரிகளுக்கு இரையை மட்டும் போடுங்கள். உள்ளே போய்த் தின்று பழகிய பிறகு கட்டை அவிழுங்கள். அப்புறம் இடம். எலி சுவரை மீசையால் தொட்டுக்கொண்டே ஓடும். சுவரோரம் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்குத் தடம் தெரிந்தால் அதன்மேல்தான் கூண்டு இருக்க வேண்டும், கூடத்து நடுவில் இல்லை.

பெரிய குறை அந்தக் கொக்கி. அவ்வளவு விறைப்பு. நிலக்கடலை விழுதைத் தடவி வைத்தேன். காலையில் கொக்கி பளபளவென்று நக்கப்பட்டிருந்தது, கதவு அப்படியே நின்றது. முழுக் கடலையை நூலால் இறுக்கிக் கட்டியபின் எலி பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று, கதவும் விழுந்தது. கம்பி நுனிகளையும் மழுக்காமல் விட்டிருக்கிறார்கள். எலி மூத்திரத்தில் இருக்கக்கூடிய லெப்டோஸ்பைரா கிருமி தோல் கீறல் வழியாக உடம்புக்குள் போகும். எலிக்கூண்டே கையைக் கீறுவது என்ன தயாரிப்போ! கையுறை போடாமல் தொடாதீர்கள்.

இத்தனை குறைக்குப் பிறகும் வாங்கச் சொல்வதற்குக் காரணம் மூஞ்சூறு. அது கொறிக்கும் பிராணியே இல்லை, கரப்பான் தின்கிற வேறு இனம். நீள மூக்கை ஆட்டிக்கொண்டு உள்ளே நின்றது; கதவைத் தூக்கினேன், கீச்சென்று கத்திக்கொண்டு ஓடிப்போனது. பசை அட்டையில் அது ஒட்டியிருந்தால் அப்படி விட்டிருக்க முடியாது. பசைக்கு எலியும் ஒன்று, பல்லியும் ஒன்று, குருவியும் ஒன்று. மாட்டியது மணிக்கணக்கில் துடித்துச் சாகும். இங்கிலாந்தில் 2024 ஜூலை முதல் பொதுமக்கள் அதை வைக்கவே தடை. புரோமடியலோன் கலந்த எலிக்கட்டி இன்னும் மோசம். அது ரத்தம் உறையவிடாமல் செய்யும், எலி சாகச் சில நாளாகும். அதற்குள் தள்ளாடித் திரியும் எலியை ஆந்தையோ பூனையோ பிடித்தால் விஷம் அவற்றுக்கும் போகிறது. ராத்திரி முழுக்க நமக்காக எலி பிடிக்கிற கூகையை நாமே கொல்வதா?

பூனை போதாதா என்பார்கள். நியூயார்க்கில் ஒரு குப்பை மறுசுழற்சிக் கூடத்தில் 79 நாள் கேமராவில் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. பூனைகள் கொன்ற எலி இரண்டுதான்.

எலி விழுந்ததும் கூண்டின்மேல் ஒரு துணியைப் போர்த்துங்கள். இருட்டானால் கம்பியில் மூக்கை மோதிக்கொள்வதைக் குறைக்கும். பிடித்ததை என்ன செய்வது என்று கூடவந்த தாளில் ஒரு வரிகூட இல்லை. பக்கத்திலேயே விட்டால் திரும்பி வரலாம். உங்கள் ஊர் விதி என்ன என்று முன்பே கேட்டுவையுங்கள். எலியின் சினைக்காலம் மூன்று வாரம்தான், ஓட்டை திறந்தே இருந்தால் அடுத்தது வரும். கூண்டு வாங்கும்போதே எஃகு நாரும் கொஞ்சம் சிமெண்டும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். கொக்கியைச் சரிசெய்தால் நாலரை தருவேன்.