எழும்பூர் ‘செத்த காலேஜ்’: பிள்ளைகளோடு ஊருக்கு வருபவர்களுக்கு

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போகிற வெளிநாட்டுத் தமிழர்களில் பலர் வெண்கல நடராசரையும் அமராவதிச் சிற்பங்களையும் பார்த்த கையோடு திரும்பிவிடுகிறார்கள். பிள்ளைகளோடு வந்தால் அதே வளாகத்து விலங்கியல், நிலவியல் கூடங்களுக்கு முதலில் போங்கள். பழைய சென்னைக்காரர்கள் இந்த மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் மிருகக்காட்சிச்சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான். 1851இல் தொடங்கிய அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் 1855இல் இதே வளாகத்தில் விலங்குகளை வைத்துக் காட்டத் தொடங்கினார். அந்த மிருகக்காட்சிச்சாலைதான் பின்னர் சென்ட்ரல் அருகே இருந்த பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்காவுக்குப் போய், 1985இல் வண்டலூருக்கு இடம் மாறியது.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. குறுகிய பயணத்தில் திட்டம் கெடுவது பெரும்பாலும் இதனால்தான். ஞாயிறு திறந்திருக்கும் என்பதால் வெள்ளியைத் துணிக்கடைக்கு விட்டுவிடலாம். காணும் பொங்கலன்று மட்டும் போகவே வேண்டாம்; கூட்டத்தில் எதையும் நின்று பார்க்க முடியாது. காலை 9.30க்குத் திறக்கும்போதே உள்ளே இருப்பது நல்லது. புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிடும், அது இங்கே உதவும். பள்ளிக்கூடப் பேருந்துகள் வருமுன் கூடங்கள் அமைதியாக இருக்கும்.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் வந்தால் ஆலந்தூரில் பச்சை வழித்தடத்துக்கு மாறி எழும்பூரில் இறங்கலாம். அங்கிருந்து அருங்காட்சியகம் இருக்கும் பாந்தியன் சாலைக்கு ஆட்டோ பிடிக்கலாம், வெயில் இல்லையென்றால் நடக்கலாம்.

டிக்கெட் கட்டணத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்கு இந்தியர் கட்டணம் 15 ரூபாய், வெளிநாட்டவர் கட்டணம் 250 ரூபாய் என்று நெடுங்காலம் இருந்து வந்தது. 2021 மார்ச்சில் வந்த மத்திய அரசு அறிவிக்கை, ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்பவர்களுக்கு அருங்காட்சியக நுழைவுக் கட்டணத்தில் இந்தியருக்குச் சமமான உரிமை தருகிறது. அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள். கைபேசியில் உள்ள படம் போதும் என்று நம்பிப் போகாதீர்கள். பிள்ளைகளுக்குத் தனி அட்டை உண்டென்றால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். கனடா, பிரிட்டன் குடியுரிமை பெற்ற இலங்கைத் தமிழர்களில் பெரும்பாலோரிடம் இந்த அட்டை இருக்காது. அவர்கள் வெளிநாட்டவர் கட்டணத்துக்குத் தயாராக வருவது நல்லது. கேமராவுக்குத் தனி டிக்கெட் உண்டு. கைபேசியில் எடுக்கலாமா என்பதையும் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டு சிம்மை மட்டும் நம்பி வருபவர்களுக்கு கைபேசியில் பணம் கட்டும் யுபிஐ கை கொடுக்காமல் போகலாம். பத்து, இருபது, நூறு ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் பணம் வைத்திருங்கள்.

வளாகத்தில் ஆறு கட்டடங்கள், 46 கூடங்கள். அத்தனையையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் பிள்ளைகள் மதியத்துக்குள் சோர்ந்துவிடுவார்கள். விலங்கியலுக்கு இரண்டு மணி நேரம், நிலவியலுக்கு ஒரு மணி நேரம் போதும்.

திமிங்கில எலும்புக்கூட்டின் கீழ் போய் நில்லுங்கள். 1874இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் அது. நீளம் ஏறத்தாழ 60 அடி. துடுப்புக்குள் இருக்கும் எலும்புகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: மேற்கை, முன்கை, மணிக்கட்டு, விரல்கள் என்று நம் கையின் வரிசைதான். யானை மண்டையோட்டில் நடுவே தெரியும் பெரிய ஓட்டையை எல்லோரும் கண் என்று நினைப்பார்கள். அது மூக்குத் துவாரம். கண்குழிகள் பக்கவாட்டில் இருக்கின்றன. கடைவாய்ப் பல்லின் மேல் வரிவரியாக ஓடும் மேடுகளையும் பாருங்கள். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பற்கள் முளைக்கும். தேய்ந்தது முன்பக்கமாக நகர்ந்து விழ, பின்னாலிருந்து அடுத்தது வரும்.

குப்பிகளில் உள்ள மீன்களும் பாம்புகளும் வெளிறியிருப்பதைப் பார்த்து அலட்சியம் என்று எண்ணிவிட வேண்டாம். ஃபார்மலினில் பதப்படுத்தி ஆல்கஹாலில் வைத்தால் உடல் கெடாது, நிறம் போய்விடும். பாடம் செய்த பறவைகளில் தோலும் இறகும் அலகும் கால்களும் அசல், கண்கள் கண்ணாடி. சென்னையின் ஈரக்காற்றில் பூஞ்சையும், தோலைத் தின்னும் வண்டும் இவற்றுக்கு ஓயாத எதிரிகள். நூறாண்டு தாண்டிய ஒரு பறவை இங்கே முழுதாக நிற்கிறதென்றால், தலைமுறை தலைமுறையாகப் பலர் பார்த்துக்கொண்டதால்தான். பெயர்ச்சீட்டில் அறிவியல் பெயரோடு இடமும் ஆண்டும் இருந்தால் அதையும் சேர்த்துப் படியுங்கள். எந்தப் பறவை எங்கே எப்போது இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. படம் எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். இல்லையென்றால் படத்தில் உங்கள் முகம்தான் விழும்.

நிலவியல் கூடத்தில் சார்னோக்கைட் என்ற கல்லைத் தேடுங்கள். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இந்தக் கல்லால் ஆனது. அதை வைத்தே நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் இந்தப் பெயரைச் சூட்டினார். பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளெல்லாம் இதே கல். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே தெரிகிற குன்றும் இந்தக் குடும்பம்தான். அந்தப் பல்லாவரத்தில்தான் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அவருடைய சேகரிப்பை 1904இல் இந்த அருங்காட்சியகம் வாங்கியது. தொல்பழங்காலக் கூடத்தில் பார்க்கலாம்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் திண்டிவனம் வழியாகத் திருவக்கரைக்குப் போங்கள். அங்கே கல்லாகிப்போன மரங்கள் திறந்தவெளியில் கிடக்கின்றன. மரத்தின் அணு அணுவான இடங்களில் சிலிக்கா புகுந்து இறுகியதால் வளையங்கள்கூட அப்படியே தெரியும். நிழல் குறைவு, தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள். துண்டுக் கல்லைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.