ஈடியூ கிட் வாங்கலாமா? மூளையில் புதுச் செல் எண்ணுபவர்களுக்கு ஒரு மதிப்புரை

வளர்ந்த எலியின் ஹிப்போகேம்பஸில் (நினைவாற்றலுக்கான மூளைப் பகுதி) இன்று எத்தனை செல் புதிதாகப் பிறந்தது என்று எண்ண வேண்டுமா? பிரியப்போகும் செல் டிஎன்ஏவை நகலெடுக்கிற அந்தச் சில மணி நேரத்துக்குள் அதன்மேல் முத்திரை குத்திவிட வேண்டும். 1960களில் ஜோசப் ஆல்ட்மேன் என்ற ஆய்வாளர் இதை, டிஎன்ஏவின் கட்டுமானக் கல்லான தைமிடினின் கதிரியக்க வடிவத்தை வைத்துச் செய்தார். அப்புறம், தைமிடின் மாதிரியே டிஎன்ஏவுக்குள் நுழைந்துகொள்ளும் பிஆர்டியூ என்ற வேதிப்பொருள் வந்தது. மனித மூளையிலும் புது நியூரான் பிறக்கிறது என்று 1998இல் எரிக்சன், கேஜ் குழுவினர் காட்டியதும், பிஆர்டியூ ஏற்றப்பட்டிருந்த புற்றுநோயாளிகள் இறந்தபின் கிடைத்த திசுவை வைத்துத்தான். 2008இல் சாலிக்கும் மிட்சிசனும் அறிமுகப்படுத்திய, அதே வேலையைச் செய்யும் ஈடியூ இப்போது ரெடிமேட் கிட்டாகக் கிடைக்கிறது. எந்த நிறுவனத்தின் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட இதுதான்: ஈடியூ தூள், அசைடு ஒட்டிய சாயம், காப்பர் சல்ஃபேட், பஃபர், அஸ்கார்பேட்.

வாங்குவதற்கு முதல் காரணம் அமிலம் தேவைப்படாததுதான். பிஆர்டியூவைப் பிடிக்கும் ஆன்டிபாடி, டிஎன்ஏவின் இரட்டை இழை பிரிந்தால்தான் உள்ளே போகும். அதற்காக 2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 37 டிகிரியில் அரை மணி நேரம், பிறகு பிஎச் 8.5 போரேட் பஃபரில் 10 நிமிடம் என்று ஊற வைக்க வேண்டியிருக்கிறது. 40 மைக்ரான் தடிமனில் சீவிய மூளைச் செக்‌ஷன் இதற்குள் குழைந்துபோய், பிரஷ்ஷில் தூக்கும்போதே கிழியும். கூடவே பார்க்க நினைத்த சில புரதங்களின் சிக்னல் மங்கும்; இரட்டை இழையை நம்பியிருக்கும் டேப்பி என்ற செல்கருச் சாயமும் சரியாக ஏறாது. ஈடியூவில் இந்தத் தொல்லை இல்லை; செம்பு தூண்டும் ‘கிளிக்’ ரியாக்‌ஷனில் அசைடு சாயம் நேராக அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். ஆன்டிபாடி சுமார் 150 கிலோடால்டன். அசைடு சாயமோ ஒரு கிலோடால்டன் அளவுதான், தடித்த செக்‌ஷனின் நடுவரை போய்விடும்.

டோஸில் பலர் தவறுகிறார்கள். பிஆர்டியூவின் மூலக்கூறு எடை 307, ஈடியூவுக்கு 252. பழைய நெறிமுறையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்றிருந்தால், ஈடியூவில் அதற்குச் சமம் 41. அதே 50ஐப் போட்டுவிட்டு இரண்டு தொகுதிகளையும் ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

ரியாக்‌ஷன் சொதப்புவது பெரும்பாலும் அஸ்கார்பேட்டால். செம்பைச் செயல்படும் நிலைக்குக் கொண்டுவருவது அதுதான். காற்றுப் பட்டால் கெட்டுவிடும். கரைசல் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்க வேண்டும். மஞ்சள் தட்டினால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பஃபர், செம்பு, சாயம், கடைசியாக அஸ்கார்பேட் என்ற வரிசையில் கலந்து, 15 நிமிடத்துக்குள் செக்‌ஷன்மேல் ஊற்றி, இருட்டில் அரை மணி நேரம் வையுங்கள். அப்போதும் சிக்னல் வரவில்லையென்றால் கழுவிய பஃபரில் ஈடிடிஏ இருந்ததா என்று பாருங்கள். செம்பை அது பிடித்து வைத்துக்கொள்ளும். செக்‌ஷன் கெடாமலிருக்க சோடியம் அசைடு போட்டு வைத்திருந்தால் அதுவும் ரியாக்‌ஷனில் குறுக்கிடும், மூன்று முறை நன்றாகக் கழுவியாக வேண்டும். 0.5 சதவீத ட்ரைட்டானில் (செல் சவ்வில் துளையிட்டுச் சாயத்துக்கு வழிவிடும் சோப்பு போன்ற பொருள்) 20 நிமிடம் வைப்பதையும் தவிர்க்கக் கூடாது.

ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) கொண்ட எலி வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய குறை உண்டு. செம்பு பட்டால் ஜிஎஃப்பியின் ஒளி அணைந்துபோகும். முதலில் கிளிக் ரியாக்‌ஷனை முடித்துவிட்டு, பிறகு ஜிஎஃப்பிக்கு ஆன்டிபாடி போடுவதுதான் வழி. ஈடியூவுக்கு 647 என்ற தூரச் சிவப்புச் சாயத்தை எடுத்துக்கொண்டால் பச்சை சேனல் காலியாகக் கிடைக்கும்.

ஒரே செல் இரண்டாம் முறை பிரிகிறதா என்று பார்க்க பிஆர்டியூவையும் ஈடியூவையும் சேர்த்துக் கொடுப்பவர்கள் ஆன்டிபாடியைப் பார்த்து வாங்குங்கள். பல பிஆர்டியூ ஆன்டிபாடிகள் ஈடியூவையும் பிடித்துக்கொள்ளும். மோபியூ-1 என்ற ஆன்டிபாடி வகை அப்படிச் செய்யாது. எதை வாங்கினாலும் ஈடியூ மட்டும் கொடுத்த ஒரு விலங்கின் செக்‌ஷனில் சோதித்துவிடுவது நல்லது.

நச்சுத்தன்மை பிஆர்டியூவைவிட ஈடியூவுக்கு அதிகம். நியூரோஸ்ஃபியர் (தட்டில் உருண்டையாகத் திரளும் மூளை ஸ்டெம் செல்கள்) வளர்ப்பில் 10 மைக்ரோமோலார், இரண்டு மணி நேரம், உடனே மீடியம் மாற்றம், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க விட்டால் டிஎன்ஏ சேதமடைந்த செல்களைத்தான் காலையில் எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

கிட் விளம்பரங்கள் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. முத்திரை விழுந்த செல்லெல்லாம் ஸ்டெம் செல் அல்ல. உறங்கும் ஸ்டெம் செல் பிரிவதே அபூர்வம் என்பதால் முத்திரையே வாங்காமல் தப்பிவிடும். வேகமாகப் பிரியும் சந்ததிச் செல்லில் ஒவ்வொரு பிரிவிலும் முத்திரை பாதியாகத் தேயும். ஊசி போட்டு இரண்டு மணி நேரத்தில் எடுத்த மூளை பெருக்கத்தைக் காட்டும். நியூரானாக முதிர்ந்ததா என்று தெரிய நான்கு வாரம் காத்திருந்து முதிர்ந்த நியூரானைக் காட்டும் நியூஎன் புரதத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போதும் கிளியா என்ற ஒரு துணைச் செல்லின் கரு நியூரானை ஒட்டி உட்கார்ந்திருந்தால் மேலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றாகத் தெரியும். கான்ஃபோக்கல் மைக்ரோஸ்கோப்பில் பக்கவாட்டுத் தோற்றத்தையும் பார்க்காமல் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

பெட்டியாகவே வாங்கத்தான் வேண்டுமா? முதல்முறை செய்பவர்கள் வாங்கலாம், எது தவறியது என்று கண்டுபிடிப்பது சுலபம். கை பழகியபின் ஈடியூவையும் அசைடு சாயத்தையும் மட்டும் தனியாக வாங்குங்கள். காப்பர் சல்ஃபேட்டும் சோடியம் அஸ்கார்பேட்டும் எந்த லேப் அலமாரியிலும் இருக்கும். பல வருட பிஆர்டியூ தரவோடு புது எண்ணிக்கையைச் சேர்க்க வேண்டியவர்கள் மட்டும் அமில பாட்டிலை இப்போதைக்குத் தூக்கிப்போட வேண்டாம்.